சவலை என்ற சொல்

2012 நவம்பர். தில்லியில் குளிர் தொடங்கியிருந்தது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அலுவலகத்தில் என் மேசைக்கு மொழிபெயர்ப்புக்கு வந்த கட்டுரை, இரண்டாவது குழந்தைக்குத் தயாராவது எப்படி என்று விளக்கியது. தொட்டில், துணிமணி, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பை, மூத்த குழந்தைக்கு ஒரு பரிசு என்று நீண்ட பட்டியல். அதில் பாதியை நான் முடித்துவிட்டிருந்தேன். மூத்த குழந்தையின் பொறாமை பற்றிய பத்தியில்தான் பேனா நின்றது. என் வீட்டில் நடந்துகொண்டிருந்தது பொறாமையாகத் தெரியவில்லை.

மகளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. ஜூலையில் கர்ப்பம் உறுதியானதும், "பால் கொடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்றார் பக்கத்து வீட்டு மாமி. மார்பில் வேப்பெண்ணெய் தடவி, இரண்டே நாளில் பால்குடியை மறக்கடித்தேன். சிக்கலில்லாத கர்ப்பத்தில் பொதுவாகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னது பிறகுதான். முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம். அதற்குள் பால் வற்றிவிட்டது. பத்தரைக் கிலோ இருந்த குழந்தை ஒன்பதே முக்காலுக்கு இறங்கியிருந்தாள். தட்டைக் கண்டாலே அழுகை. இடுப்பை விட்டு இறங்க மாட்டாள்.

திருநெல்வேலிக்கு ஃபோன் செய்தேன். அம்மா முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "ஏட்டி, பிள்ளை சவலை பாஞ்சிருக்கு. தமிழ்ல எம்.ஏ. படிச்சவளுக்கு இதுகூடத் தெரியலையா?"

தெரியும், அகராதிச் சொல்லாக. தாய்ப்பாலை முன்னதாகவே இழந்து மெலியும் குழந்தை சவலைப் பிள்ளை. அந்தச் சொல் என் இடுப்பிலேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் புத்தி சும்மா இருக்காது. அந்த வாரமே தேடியதில் இன்னொரு சொல் கிடைத்தது. குவாஷியோர்கர் என்ற கடுமையான ஊட்டக்குறைவு நோய்க்கு அந்தப் பெயரை 1935இல் லான்செட் மருத்துவ இதழில் அறிமுகப்படுத்தியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். இன்றைய கானாவில் பேசப்படும் கா மொழியிலிருந்து எடுத்த பெயர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். கடல் கடந்த தாய்மார்களும் இதையே பார்த்திருக்கிறார்கள். பார்த்ததற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் இடைவெளி 20 மாதம்.

என் மகளுக்கு வந்தது அந்த நோய் அல்ல. சாப்பாட்டுக் குறைவுதான் என்றார் குழந்தைகள் டாக்டர். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக: முட்டை, நெய் விட்ட பருப்பு சாதம், தயிர். தொட்டில் வாங்குவதைத் தள்ளிப்போட்டோம். கணவர் அலுவலக நேரத்தை மாற்றிக்கொண்டு காலை வேளைச் சாப்பாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து, வயிறு இடம் விட்ட அளவுக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டேன். பிப்ரவரியில் எடை பதினொன்றைத் தொட்டது.

மார்ச்சில் தம்பி பிறந்தான். அவன் பால் குடிப்பதை அவள் தள்ளி நின்றே பார்ப்பாள். மூன்றாவது வாரம் கிட்டே வந்து கேட்டாள்: "பாப்பாவுக்குக் கசக்கலையா?"

எட்டு மாதமாக அவள் அதை மறக்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. வேண்டுமா என்று கேட்டேன். ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். "கசக்கல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இன்று அவள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அந்த வேப்பெண்ணெய் அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலை இப்போது மொழிபெயர்க்கச் சொன்னால், தொட்டிலுக்கு முன்னால் மூத்த குழந்தையின் தட்டையும் மடியையும் எழுதுவேன்.