‘முடிந்தது’ன்னா ‘கட்டியாச்சு’ன்னு அர்த்தமா?

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூணு மணி வரைக்கும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருக்கிற சர்ச்சுகள்ல ஏழு வார்த்தைகள் தியானம் நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்கியங்கள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரசங்கம். ஆறாவது வார்த்தை யோவான் 19:30-ல் வருது. புராட்டஸ்டன்ட் பைபிள்ல ‘முடிந்தது’, கத்தோலிக்க பைபிள்ல ‘எல்லாம் நிறைவேறிற்று’. கிரேக்கத்துல ஒரே ஒரு சொல்: டெடெலெஸ்டாய். டெலெயோ என்கிற வினைச்சொல்லோட ஒரு வடிவம்.

இந்த ஆறாவது வார்த்தைக்கு வர்ற போதகர்கள் பலரும் தவறாம ஒரு விஷயம் சொல்வாங்க. “அந்தக் காலத்துல ஒருத்தன் கடனை அடைச்சு முடிச்சா, ரசீது மேல ‘டெடெலெஸ்டாய்’னு எழுதிக் கொடுப்பாங்க. முழுசா கட்டியாச்சுன்னு அர்த்தம். உன் கடன் அடைபட்டது!” சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஜெயில்ல தண்டனை முடிஞ்சவன் அறைக்கதவுல இருக்கிற குற்றப்பத்திரிகை மேல இதை எழுதுவாங்கன்னும் சொல்வாங்க. ஜெயில் கதைக்கு யாரும் ஆதாரம் காட்டினதை நான் பார்த்ததில்லை. அதை விட்ருவோம். ரசீது கதைக்கு மட்டும் ஒரு ஆதாரம் இருக்கு.

கிரேக்க வினைச்சொல்லுக்கும் பி.காம் படிக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. அந்தச் சொல்தான் ரசீது, கடன், வரின்னு எங்க சிலபஸுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு :-)

ஜேம்ஸ் ஹோப் மோல்டன், ஜார்ஜ் மில்லிகன்னு ரெண்டு அறிஞர்கள். எகிப்து மணல்ல கிடைச்ச பாப்பிரஸ் தாள்களை வச்சு, புதிய ஏற்பாட்டுச் சொற்களை அன்னிக்கு சாதாரண ஜனங்க எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு காட்டுற ஒரு சொல்லகராதியைத் தொகுத்தாங்க. 1914-லிருந்து பகுதி பகுதியா வந்தது. மோல்டன் பாவம், முழுசா பார்க்கலை. இந்தியாவுல பார்சிகளுக்குச் சொற்பொழிவு ஆத்திட்டு ஊர் திரும்பும்போது, 1917 ஏப்ரல்ல, மத்தியதரைக்கடல்ல அவர் வந்த கப்பல் டார்பீடோவுல மூழ்கிடுச்சு. உயிர்காப்புப் படகுலயே இறந்துட்டார். மில்லிகன்தான் வேலையை முடிச்சார். அந்த அகராதியில டெலெயோவுக்குக் கீழே, ரசீதுகள் பெரும்பாலும் இந்தச் சொல்லோட சுருக்கத்துல ஆரம்பிக்கும்னு ஒரு குறிப்பு இருக்கு. பிரசங்கத்து ரசீதோட மூலம் இதுதான்.

சரி, அவங்க சுட்டிக் காட்டுற ரசீதுகள் என்ன? கிரென்ஃபெல், ஹண்ட் ரெண்டு பேரும் 1897-ல் வெளியிட்ட பாப்பிரஸ்கள். அதைப் படிக்கப் படிக்க எனக்கு நம்ம ஏரியா ஞாபகம்தான் வந்தது. ஏன்னா அது எதுவுமே கடன் ரசீது இல்லை. எல்லாம் கஸ்டம்ஸ் ரசீது!

எகிப்துல ஃபாயும்னு ஒரு பகுதி, பாலைவன ஓரம். அங்கே சொக்னோபாயு நேசோஸ்னு ஒரு ஊர். ஊரைத் தாண்டி கழுதையிலயும் ஒட்டகத்திலயும் கோதுமை, எண்ணெய்னு சரக்கு போகும். ஊர் வாசல்ல ஒரு சுங்கச்சாவடி. நூத்துக்கு ஒண்ணு, ஐம்பதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வரி சேர்ந்து மூணு சதவீதம். பாலைவனக் காவலுக்குத் தனி வரி. மெம்பிஸ் துறைமுக வரின்னு இன்னொண்ணு. எந்த வாசல், எந்த வரி, யார் கொண்டு போறாங்க, என்ன சரக்கு, எத்தனை கழுதை, என்ன தேதி. இவ்வளவுதான் ரசீது. கையகல தாள். நம்ம ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ்ல தீர்வை கட்டி, ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ உத்தரவு வாங்கி, கன்டெய்னரை ஜீரோ கேட் வழியா வெளியே எடுக்கிறாங்க பாருங்க, அதோட கொள்ளுத்தாத்தா. 1962-ம் வருஷத்து சுங்கச் சட்டத்துல 47-வது பிரிவு. தீர்வை கட்டின பிறகுதான் சரக்கை விடுவிக்கலாம்னு சொல்லும்.

இந்த ரசீதுகளோட முதல் சொல்லை எழுத்தர்கள் முழுசா எழுத மாட்டாங்க. ‘டெடெல்’னு முதல் சில எழுத்தோட நிறுத்திடுவாங்க. தினம் நூறு ரசீது எழுதறவன் என்ன செய்வான், பாவம். அந்தச் சுருக்கத்தை ‘டெடெலெஸ்டாய்’னு விரிச்சுப் படிச்சதால வந்ததுதான் அகராதிக் குறிப்பு. ஆனா பாப்பிரஸ் பதிப்பாளர்கள் இன்னிக்கு அதை விரிக்கிறது ‘டெடெலோனேடாய்’னு. இது வேற வினைச்சொல். ‘சுங்கம் செலுத்தப்பட்டது’னு அர்த்தம். தமிழ் பைபிள்ல மத்தேயு ஆயத்துறையில உட்கார்ந்திருந்தார்னு வருமே, அந்த ‘ஆயத்துறை’க்கு கிரேக்கம் டெலோனியோன். ‘ஆயக்காரர்’ டெலோனேஸ். அதே குடும்பம். அதாவது ‘ஆயம் கட்டியாச்சு, போலாம் ரைட்!’

(சைடுல ஒரு சந்தோஷம். பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பத்தி வரும்போது, சுங்க அதிகாரிகள் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கு மேல சோழனோட புலி முத்திரை குத்துறது வரும். அதே மாதிரி, நம்ம முசிறியிலிருந்து ஹெர்மபொல்லோன்னு ஒரு கப்பல் கொண்டு போன சரக்கு பத்தின கிரேக்க பாப்பிரஸ் ஒண்ணு வியன்னாவுல இருக்கு. கி.பி. 2-ம் நூற்றாண்டு. அந்தச் சரக்குக்கு எகிப்துல போட்ட சுங்கம் எவ்வளவு தெரியுமா? 25 சதவீதம்! இன்னிக்கு வரி ஜாஸ்தின்னு புலம்புறவங்க கவனிக்க.)

‘ரெண்டும் ஒரே வேர்ச்சொல்தானே, அப்புறம் என்ன’ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. டெலோஸ்னா கிரேக்கத்துல ‘முடிவு’ன்னும் அர்த்தம், ‘சுங்கவரி’ன்னும் அர்த்தம். ‘முடிவு’க்கும் ‘வரி’க்கும் எப்படி ஒரே சொல்னு முதல்ல எனக்கும் விநோதமாத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தா நம்ம தமிழே அப்படித்தான் இருக்கு. ‘தீர்’னா முடி. ‘தீர்வை’ன்னா வரி. சுங்கத் தீர்வை, ஆயத்தீர்வை, முத்திரைத் தீர்வைன்னு எங்க புத்தகம் முழுக்க இதுதான். ஆனா ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ன்னு அம்மா சொன்னா சிலிண்டருக்கு வரி கட்டியாச்சுன்னு யாராவது புரிஞ்சுப்பாங்களா? வேர் ஒண்ணா இருக்கிறதால அர்த்தம் வந்துடாது. பக்கத்துல என்ன சொல் நிக்குதோ அதுதான் அர்த்தத்தை முடிவு பண்ணும்.

டெலெயோவும் அப்படியே. புதிய ஏற்பாட்டுல 28 இடத்துல வருது. அதுல ‘கட்டு’ங்கற அர்த்தத்துல வர்றது ரெண்டே இடம்தான். ஒண்ணு மத்தேயு 17:24. உங்க போதகர் கோயில் வரி கட்டுறதில்லையான்னு பேதுருவைக் கேட்கிறாங்க. (மீன் வாயில காசு கிடைக்கிற கதை அதுக்கு அடுத்துதான் வரும். காசிமேட்டுல இந்தக் கதைக்கு இருக்கிற மவுசே தனி.) இன்னொண்ணு ரோமர் 13:6. ரெண்டுலயும் ‘வரி’ன்னு சொல் பக்கத்துலயே இருக்கு. ரெண்டுமே வரி, கடன் இல்லை. மத்த இடத்துல எல்லாம் முடிக்கிறது, நிறைவேத்துறதுதான். 2 தீமோத்தேயு 4:7-ல் ஓட்டத்தை முடித்தேன்னு பவுல் சொல்றதும் இதே வினைதான். ஓட்டத்தைக் ‘கட்டினேன்’னு யாரும் சொல்றதில்லையே!

யோவான் எழுதினதுக்குள்ளயே பார்த்தாலும் இது தெளிவா இருக்கு. 19:28-ல், ‘தாகமாயிருக்கிறேன்’ங்கிறதுக்கு முன்னாடியே, எல்லாம் முடிஞ்சதுன்னு அவர் அறிஞ்சார்னு வருது. அங்கேயும் டெடெலெஸ்டாய்தான். 17:4-ல் அப்பா கொடுத்த வேலையைச் செய்து முடிச்சேன்னு ஜெபம் பண்றார். அது டெலெயோவோட கூடப்பிறந்த வினை, டெலெயோ-ஓ. ஆக, கணக்குப்பிள்ளை பேசுற சொல் இல்லை இது. கொடுத்த வேலையை முடிச்சவன் சொல்ற சொல். அதுவும் நிகழ்முற்றுக் காலத்துல இருக்கு. முடிஞ்சது, முடிஞ்ச நிலையிலேயே இப்பவும் நிக்குதுன்னு அர்த்தம். ‘முடிந்தது’ங்கிற வெறும் இறந்தகாலத்தை விட ‘முடிந்திருக்கிறது’க்குப் பக்கத்துல வரும். என்ன, சிலுவையில தொங்குறவர் ‘முடிந்திருக்கிறது’ன்னு சொன்னா கேட்க நல்லா இருக்காது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சரியாத்தான் பண்ணியிருக்காங்க.

எனக்கு நெருடின இன்னொரு விஷயம். போதகர் எதுக்கு இந்த ரசீதைக் காட்டுறார்? ஒரே தடவையில எல்லாம் கட்டியாச்சு, இனிமே பாக்கி இல்லைன்னு சொல்றதுக்கு. ஆனா அவர் கையில இருக்கிறது டோல்கேட் ரசீது! இந்தக் கழுதை, இந்தச் சுமை, இந்தத் தேதிக்கு மட்டும்தான் செல்லும். நாளைக்குத் திரும்ப வந்தா திரும்பக் கட்டணும். அவர் சொல்ல வர்றதுக்கு நேர் எதிரான சாட்சி.

அப்ப வாங்கினதுக்கு உண்மையான ரசீதுச் சொல் எது? அபெகோ. ‘பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை’. ஓட்டுத் துண்டுகள்லயும் பாப்பிரஸ்லயும் கணக்கே இல்லாம கிடைக்குது. அடால்ஃப் டெய்ஸ்மன்னு ஜெர்மன் அறிஞர் 1908-லயே இதை விளக்கியிருக்கார். பிலிப்பியர் 4:18-ல் பவுல் நன்கொடை வாங்கினதுக்கு ரசீது கொடுக்கிற மாதிரி இதைத்தான் எழுதுறார். மத்தேயு 6-ல் மாயக்காரர்களைப் பத்திச் சொல்ற இடத்திலும் இதே வினை. ஜனங்க பார்க்கணும்னு தர்மம் பண்ணினாங்க, பார்த்தாச்சு, பலன் கைக்கு வந்துடுச்சு, ரசீதுல கையெழுத்துப் போட்டாச்சு. தமிழ்ல அதை ‘அடைந்து தீர்ந்தது’ன்னு போட்டிருக்காங்க. அந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சல்யூட்.

இதையெல்லாம் எங்க ஆயாகிட்ட சொன்னேன். ஆயா மீன் வித்தவங்க. வருஷக்கணக்கா தண்டல் கட்டினவங்க. வெளியூர் நண்பர்களுக்காக: பத்தாயிரம் தண்டல்னா கைக்கு வர்றது எட்டாயிரத்து ஐந்நூறுதான். தினம் நூறு ரூபாய், நூறு நாள். சாயங்காலம் வண்டியில வருவான், அட்டையில டிக் அடிப்பான், போவான். (கத்தோலிக்க பைபிள்ல ஆயக்காரருக்கு ‘வரிதண்டுபவர்’னு பேர். அதே ‘தண்டு’தான்.) ஆறாவது வார்த்தைக்கு ஆயா அழறதை நான் சின்ன வயசுலேருந்து பார்த்திருக்கேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

“இன்னாடா சொல்ற? அப்ப நம்ம கடன் அடையலன்றியா?”

இதுக்குப் பதில் சொல்லாம விட்டா நான் படிச்சது வேஸ்ட். மூணு நாள் கழிச்சு கொலோசெயர் 2:14-ஐ எடுத்துப் படிச்சுக் காட்டினேன். நமக்கு விரோதமா இருந்த ‘கையெழுத்தை’ அழிச்சு, சிலுவையில ஆணியடிச்சார்னு வர்ற வசனம். ஆயாவுக்கு அது மனப்பாடம். ஆனா ‘கையெழுத்து’ன்னா என்னன்னு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கிரேக்கத்துல கெய்ரோகிராபோன். கெய்ர்னா கை, கிராபோன்னா எழுத்து. சொல்லுக்குச் சொல் அப்படியே கையெழுத்துதான். பாப்பிரஸ்கள்ல அது கடன் வாங்கினவன் தன் கையால எழுதிக் கொடுக்கிற பத்திரம். இவ்வளவு வாங்கினேன், திருப்பித் தருவேன்னு. சுருக்கமா, புரோநோட்டு! 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், 4-வது பிரிவு, போன செமஸ்டர்ல பத்து மார்க் கேள்வி.

அந்த நோட்டை எப்படி ரத்து பண்ணுவாங்கங்கிறதுக்கும் சாட்சி இருக்கு. குறுக்கே பெருக்கல் குறி போட்டு அடிச்சிடுவாங்க. கி.பி. 85-ல் எகிப்து ஆளுநர் ஒருத்தர் ஒரு வழக்குல கெய்ரோகிராபோனை அடிச்சுப்போடச் சொன்னது பாப்பிரஸ்ல இருக்கு. வசனத்துல இருக்கிற வினை அதுக்கும் மேல. அடிக்கிறது கூட இல்லை, துடைச்செடுக்கிறது. கரி மை, தண்ணி தொட்டுத் துடைச்சா போயிடும்.

ஆக கடன் விஷயம் பைபிள்ல இருக்கத்தான் செய்யுது. ஆனா யோவான் 19:30-ல் இல்லை. போதகர்கள் ஆறாவது வார்த்தைக்கு வேலை முடிச்சவரைப் பத்திப் பேசிட்டு, கடனுக்குக் கொலோசெயரை எடுத்துக்கிட்டா ஒருத்தருக்கும் நஷ்டமில்லை.

ஆயா எதுவும் பேசலை. எழுந்து போய் ட்ரங்க் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்தாங்க. உள்ளே அவங்க பெருவிரல் ரேகை வச்ச பழைய நோட்டு ஒண்ணு. ஸ்டாம்ப் மேல குறுக்கே ரெண்டு கோடு, பக்கத்துல நீல மையில ‘பைசல்’. தாத்தா சாவுக்கு வாங்கின கடனாம். அடைச்சுப் பல வருஷம் ஆச்சு.

“இத கிழிச்சிப் போட மனசு வர்லடா,” ன்னாங்க.