செவியிலானின் முறையீடு

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் ‘முஸ்னத்’ தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. மறுமை நாளில் இறைவன் திருமுன் நின்று தம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைப்போர் நால்வர் என்றும், அவர்களுள் ஒருவன் எதையும் கேட்கவியலாத செவியிலான் என்றும் அது கூறுகிறது. மார்க்கம் வந்தது உண்மை. தன் செவியில் மட்டும் அது விழவே இல்லை என்பது அவன் முறையீடு. ஓதும் பருவத்தில் இதனை எங்களுக்கு விளக்கிய உஸ்தாத் அவர்கள், இறைநீதியின் நுட்பத்தை வியந்துவிட்டு அடுத்த ஹதீஸுக்குச் சென்றார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. அவன் வழக்கு வெல்லட்டும். அவனோடு ஒரே தெருவில் வாழ்ந்து, ஐவேளையும் பாங்கொலி கேட்டு, அவனுக்கு ஒன்றையும் எட்டச் செய்யாதிருந்தவர்களிடம் அப்போது என்ன கேட்கப்படும்?

2001ஆம் ஆண்டு, நான் ஓதிக்கொடுத்த மதரஸாவுக்கு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தன் அண்ணனோடு வரத் தொடங்கினான். பிறவியிலேயே செவிப்புலன் அற்றவன். மற்றப் பிள்ளைகள் ஓதும்போது அவர்கள் வாயைப் பார்த்துத் தானும் வாயசைப்பான்; அவர்கள் பக்கத்தைப் புரட்டினால் தானும் புரட்டுவான். பசி, தண்ணீர், வாப்பா என்பவற்றுக்கு வீட்டில் வழங்கிய நாலைந்து கைச்சாடைகளே அவனுடைய மொழி முழுவதும். தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையே அவன் அறிந்திருக்கவில்லை. பெயர் என்பது கூப்பிடக் கேட்டு அறிவதன்றோ!

கிறித்தவ அருட்பணியாளர்கள் நடத்தும் விடுதிப் பள்ளியொன்றில் அவனைச் சேர்க்குமாறு மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். அவன் தந்தை என்னிடம் வந்தார்.

“ஹஜ்ரத், செவிதான் இல்லாமப் போச்சு, ஈமானும் போயிருமோன்னு இவன் உம்மா அழுதுக்கிட்டு இருக்கா. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்.”

அந்தத் தாயின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. விடுதியில் வாழும் பிள்ளை, விடுதியின் வழிபாட்டைக் கண்டே வளரும். அருட்பணிச் சங்கங்களும் தம் நோக்கத்தை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆண் போதகர்கள் நுழைய முடியாத அந்தப்புரங்களில் பெண்களைக் கொண்டு சமயத்தைச் சொல்வதற்கென்றே 1880இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷன் சங்கம் தோன்றிற்று. ஜெனானா என்றால் நம் வீட்டுப் பெண்கள் இருக்கும் உட்கட்டுத்தான். அச்சங்கத்தின் சார்பில் பாளையங்கோட்டைக்கு வந்த ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார், 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், அதுவரை யாரும் பொருட்படுத்தாத செவியிலாப் பிள்ளைகளைத் திரட்டிப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரை அப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. அதே சங்கத்தைச் சேர்ந்த மேரி சாப்மன் அம்மையார் 1912இல் இலங்கையிலும், 1920இல் இரங்கூனிலும் இத்தகைய பள்ளிகளை நிறுவினார். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1880களில், பம்பாயில் கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின் ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

இவர்களுக்கு மட்டும் இந்த எண்ணம் எங்ஙனம் தோன்றியது? இதன் வேரைத் தேடிச் சென்றால் 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் லெப்பே என்னும் பாதிரியார் எதிர்ப்படுகிறார். செவியிலாச் சகோதரியர் இருவர், சமயபோதனை ஏதும் பெறாமலே மாண்டுபோவார்களே என்ற கவலைதான் அவரை ஆசிரியராக்கியது. முஸ்னத் நபிமொழியைப் படித்தபோது எனக்குள் எழுந்த கவலையின் உடன்பிறப்பு அது! அவர் அக்கவலையோடு நிற்கவில்லை. அவ்விருவரின் கைச்சைகைகளைத் தாம் கற்றுக்கொண்டார். பிறர் சமயத்தவராயினும் இந்த ஓரிடத்தில் அவருக்கு எழுந்து மரியாதை செய்யத்தான் வேண்டும்.

பின்னாளில் இந்நெறி மாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சினாலேயே பயிற்றுதல் வேண்டும் எனத் தீர்மானித்தது. உதட்டசைவைப் பார்க்கவும், தொண்டை அதிர்வைத் தொட்டுணர்ந்து ஒலியெழுப்பவும் பிள்ளைகள் பல்லாண்டு பழக்கப்பட்டனர். கையசைத்தால் தண்டனை தந்த பள்ளிகளும் பல நாடுகளில் இருந்தன. 130 ஆண்டுகள் கழித்து, 2010இல், வான்கூவரில் கூடிய மாநாடுதான் அத்தீர்மானத்தைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. இடைக்காலத்தில் சைகை மொழியைச் சாகாமல் காத்தவர்கள் யார்? விடுதிப் பிள்ளைகளே. வகுப்பில் விலக்கப்பட்ட மொழி, மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்கு, சாப்பாட்டுக் கூடத்திலும் படுக்கையறையிலும் கைமாறியது. ஊருக்கொருவராய்ச் சிதறிக் கிடந்தவர்கள் ஒரு கூரையின்கீழ்ச் சேர்ந்ததால் விளைந்த நன்மை இது. எந்தப் பாடத்திட்டமும் தந்ததன்று.

இனி நம் கித்தாபுகளுக்கு வருவோம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 1277இல் மறைந்தார்கள். அவர்களுடைய ‘மின்ஹாஜ்’ நூலில், வாய் பேசாதவரின் சைகை ஒப்பந்தங்களில் செல்லுபடியாகும் என்ற சட்டம் உண்டு. அதிலும் ஒரு நுணுக்கம்: யாவருக்கும் விளங்கும் சைகை வெளிப்படைச் சொல்லுக்கு நிகர், கூர்மதியுடையோர்க்கு மட்டுமே விளங்குவது மறைமுகச் சொல்லுக்கு நிகர். கைகளிலும் சொல் உண்டு, அச்சொல்லிலும் தெளிவு, மறைவு என்ற பாகுபாடு உண்டு எனக் கண்ட சட்டமேதையின் அறிவை என்னென்பது! ஆனால் இச்சட்டம் எந்த அத்தியாயத்தில் வருகிறது தெரியுமா? தலாக் அத்தியாயத்தில். வாய் பேசாதவர் மனைவியை எப்படி விலக்குவார் என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவருகிறோம். அவருக்கு எழுத்தறிவிக்க ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் வாங்கிவைத்தோமா?

அந்தத் தந்தையிடம், “சேர்த்துவிடுங்கள்” என்றேன். மொழியே இல்லாத பிள்ளையிடமிருந்து யாரும் மார்க்கத்தைப் பறித்துவிட முடியாது. பறிபோக அங்கே ஒன்றும் இன்னும் வைக்கப்படவில்லை. முதலில் பாத்திரம் வரட்டும், அதை நிரப்பும் பொறுப்பு நம்முடையது என்றேன். ஜமாஅத்தில் இருவர் என்னோடு சில காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சொன்னதோடு விடவில்லை. விடுமுறைதோறும் அவன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். தொழுகை கண்ணால் கற்கத்தக்கது. நிற்றல், குனிதல், சிரம்பணிதல் எல்லாம் காட்சிகளே. ஓதவே இயலாதவர் ஓதும் நேரமளவு நின்றால் போதும் என்பது சட்டம். இறைவன் ஒருவன் என்பதற்கு ஒற்றை விரல் இருக்கிறது. ‘அருள்’ என்பதற்குத்தான் எங்களுக்குள் சைகை அகப்படவில்லை. நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவனே ஒரு கையைக் குழித்து, மறுகையால் அதில் எதையோ மெல்லப் பொழிந்து காட்டினான். அதைப் பள்ளியில் கற்றானா, மழையைக் கண்டு தானே ஆக்கினானா, அறியேன். அதற்குள் தமிழில் கடிதம் எழுதவும் கற்றிருந்தான். வேற்றுமை உருபுகள் இடம் மாறிக் கிடக்கும், செய்தி மாறாது.

2023இல் அவனுக்கு நிகாஹ். ஊர் லெப்பை தயங்கினார். எழுதி வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்டார். ஷாஃபிஈ சட்டத்தில் எழுத்து மறைமுகச் சொல்லாகவே கொள்ளப்படும். நிகாஹோ மறைமுகச் சொல்லால் நிறைவேறாது. ஆகவே யாவருக்கும் விளங்கும் சைகையே வேண்டும் என்று கித்தாபை விரித்துக் காட்டினேன். அவன் பள்ளித் தோழர்கள் பத்துப் பேர் வந்திருந்தனர். கிறித்தவர், இந்துக்கள், நம்மவர் எனப் பலரும் இருந்தனர். அதுவரை அவர்களோடு மின்னல் வேகத்தில் கைகளால் பேசிக்கொண்டிருந்தவன், பெண்ணின் வாப்பா சைகையால் மகளைக் கொடுத்ததும், அந்தப் பள்ளிச் சைகைகளை விட்டுவிட்டான். வலக்கையை நெஞ்சில் வைத்து, அவர் முகத்தை நேரே நோக்கி, தலையை மெதுவாக அசைத்தான்.

“விளங்கிற்றா?” என்று சாட்சிகளைக் கேட்டார் லெப்பை. இருவரும் விளங்கிற்று என்றனர். பின்வரிசைத் தோழர்கள் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தனர். செவியிலார் வழக்கில் கைதட்டல் அதுதான். அது என்னவென்று லெப்பை என்னிடம் மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிவேட்டை மணமகன் பக்கம் நகர்த்தினார்.