துபாயில் எட்டு நாள்கள்

கடல் கடந்து பொருள் தேடுவது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. கொற்கைத் துறையின் முத்து மேற்றிசை நோக்கிச் சென்றதும், அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டியரின் துறைமுகங்களில் வந்திறங்கியதும் பழைய வரலாறு. எனினும் அந்தப் பழம்பெருமையைப் பேசுவதற்காக இக்கட்டுரையை எழுத முற்படவில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அலுவல் நிமித்தமாக நாங்கள் மூவர் துபாய் சென்று எட்டு நாள்கள் தங்கியிருந்தோம். அங்கே கண்ட காட்சிகளுள் பல இன்று நினைவில் மங்கிவிட்டன. ஆனால் ஒருவர் எங்களிடம் கேட்ட இரண்டு சொற்கள் மட்டும் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அதை இந்த மலரின் வாயிலாக நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது எங்கள் கடன் எனக் கருதுகிறோம்.

நாங்கள் மூவரும் பொறியாளர்கள். மும்பையில் வேரூன்றிவிட்ட தமிழர்கள். எங்கள் பிள்ளைகள் மராத்தியையும் இந்தியையும் தடையின்றிப் பேசுவார்கள். தமிழுக்காகச் சங்கத்தை நாடுகிறோம். பொங்கல் விழாவில் மேடையேறி மொழிப்பற்றைப் பற்றிப் பேசியவர்களும் எங்களுள் உண்டு. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மும்பையிலிருந்து துபாய் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னுக்குத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். எங்கள் பணி, குளிர்நீர் நிலையம் ஒன்றில் பொருத்தப்பட்டிருந்த பம்புகளைச் சோதிப்பது. அந்நகரில் கட்டடத்துக்குக் கட்டடம் தனித்தனியே குளிரூட்டும் பொறிகளை வைப்பதற்கு மாறாக, பல இடங்களில் ஒரே நிலையத்தில் நீரைக் குளிர்வித்து, நிலத்தடிக் குழாய்களின் வழியே பல மாளிகைகளுக்கும் அனுப்புகிறார்கள். ஏறத்தாழ 5 பாகை செல்சியசில் புறப்படும் நீர், அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 13, 14 பாகையில் திரும்பி வருகிறது. மீண்டும் குளிர்ந்து மீண்டும் போகிறது. கோடையில் வெளியே 45 பாகை கொதிக்கும்போதும் உள்ளே இருப்போர் போர்வை தேடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இந்த ஓயாத சுற்றோட்டமே. நகரத்தின் செல்வத்தைக் கோபுரங்களில் காண்பவர்கள் பலர். நாங்கள் அதனைக் குழாய்களில் கண்டோம்.

மூன்றாம் நாள் முற்பகல். பம்பு ஒன்றின் அதிர்வை அளந்துகொண்டிருந்தோம். அருகில் அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் நின்றிருந்தார். அளவு சற்று மிகுதியாகத் தெரியவே, எங்களுக்குள் தாழ்ந்த குரலில் தமிழில் பேசிக்கொண்டோம். எதிர்ப்புறத்தில் ஏணி மீது நின்று குழாய்களுக்கு வெப்பத்தடுப்பு உறை போர்த்திக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். மளமளவென்று இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையுறையைக் கழற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக, "சார், நீங்க தமிழா?" என்று கேட்டார்.

எங்களுள் மூத்தவர் உயர் அலுவலரை ஒருமுறை பார்த்தார். பின்பு, "யெஸ், யெஸ்... ப்ளீஸ் கேரி ஆன்" என்று ஆங்கிலத்தில் கூறிவிட்டு அளவுமானியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற இருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னவர் ஒருவர்தாமே என்று கூறித் தப்பித்துக்கொள்ள ஏனைய இருவரும் விரும்பவில்லை. வாய்தான் ஒருவருடையது; மனம் மூவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

அவர் ஏணிக்குத் திரும்பினார். ஒரு மணி நேரம் கழித்து எங்களுக்குக் கைவிளக்கு ஒன்று தேவைப்பட்டது. அவரே கொண்டுவந்து நீட்டினார். "லீஜியே, சாப்" என்றார். இந்தியில்.

அதன் பின்னர் அந்த வாரத்தில் எங்களிடம் அவர் பேசிய இரண்டொரு சொற்களும் இந்தியிலேயே இருந்தன.

வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்நாளில் அங்கு வார ஓய்வு வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் அதனைச் சனி, ஞாயிறு என மாற்றினார்கள். ஊர் சுற்றிப் பார்க்கக் கிடைத்த ஒரே நாள் ஆதலின் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

முதலில் புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர் உயரம். 2010ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் திறக்கப்பட்டது. நூறு திர்ஹாமுக்கு மேல் கொடுத்துச் சீட்டு வாங்கி 124ஆம் தளத்துக்குச் சென்றோம். அந்நாளில் ஒரு திர்ஹாம் நம் பணத்தில் ஏறக்குறைய 20 ரூபாய். மின்தூக்கி ஒரே நிமிடத்தில் எங்களை மேலே சேர்த்துவிட்டது. ஒரு புறம் கடல், மறுபுறம் மணல், நடுவே கோடு கிழித்தாற்போல் நெடுஞ்சாலை. கட்டடத்தின் குளிரூட்டும் பொறிகளில் படியும் ஈரத்தைக்கூட வீணாக்காமல் திரட்டிக் கீழேயுள்ள தோட்டங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள் என்பதை அறிந்து, பொறியாளர்கள் என்ற முறையில் மகிழ்ந்தோம். கட்டுமானம் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 12,000 பேருக்கு மேல் அங்கு வேலை செய்ததாகக் கூறுகிறார்கள். அந்தப் பன்னீராயிரவருள் நம்மவர் எத்தனை பேரோ என்று எங்களுள் ஒருவர் கேட்டார். மற்ற இருவரும் விடை சொல்லவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்த முகம் மூவருக்கும் நினைவுக்கு வந்திருந்தது.

பிற்பகலில் பழைய நகரம். எண்ணெய்ச் செல்வம் துபாய்க்கு மிகப் பிந்தியே வந்தது. எண்ணெய் கண்டறியப்பட்டது 1966இல். அதற்கு முன்னர் அவ்வூர் ஓர் உப்பங்கழியின் இரு கரைகளிலும் அமைந்த சிறு வணிகத் துறையாகவே இருந்தது. அங்கு நெடுங்காலம் புழங்கியது நம் ரூபாய்தான் என்பது இன்றைய இளைஞர்க்கு வியப்பளிக்கும். 1959இல் வளைகுடா நாடுகளுக்கெனத் தனி ரூபாய்த் தாளையே நம் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னரே அந்தத் தொடர்பு அறுந்தது. பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு காற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன. எப்பக்கம் வீசும் காற்றையும் பிடித்துக் கீழே உள்ள அறைக்குள் இறக்குவதற்காக, ஈரானின் தென்பகுதியிலிருந்து குடியேறிய வணிகர்கள் எழுப்பியவை அவை. எங்கள் குளிர்நீர்க் குழாய்களின் மூதாதையர் என்று அவற்றைச் சொல்லலாம்.

1787இல் கட்டப்பட்டதாகக் கூறும் அல் பஹீதி கோட்டையில் அருங்காட்சியகம் இருந்தது. அங்கே முத்துக் குளிப்போரைப் பற்றிய பகுதியின் முன் வெகுநேரம் நின்றுவிட்டோம். தூத்துக்குடிப் பக்கத்து வழக்கத்துக்கும் அதற்கும் அவ்வளவு ஒற்றுமை! மூக்கை அடைக்கும் கவ்வி, கழுத்தில் கூடை, காலில் கல். கல்லின் கனத்தால் ஒருவன் அடியாழத்துக்கு இறங்குகிறான். மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருக்கிறான். கீழே இருப்பவன் மூச்சு முட்டும் வேளையில் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் அதனை உணர்ந்து உடனே இழுக்க வேண்டும். குளிப்பவனின் உயிர் அந்த உணர்வில் இருக்கிறது. கோடைதோறும் பல மாதங்கள் கடலிலேயே கழியும். படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கி, அதனை அடைக்க முடியாமல் ஆண்டுக்கு ஆண்டு கடனிலேயே குளித்தவர்கள் பலர். அம்முத்துகளில் பெரும்பகுதி விற்பனைக்கு வந்த இடம் பம்பாய். ஜப்பானியரின் வளர்ப்பு முத்தும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அத்தொழிலை அழித்துவிட்டன.

மாலையில் கழியைக் கடந்து தேரா என்னும் அக்கரைக்குச் செல்ல 'அப்ரா' என்னும் மரப்படகில் ஏறினோம். கட்டணம் ஒரு திர்ஹாம். கோடீசுவரர் நகரில் ஏழைக்கு எட்டும் இன்பம் இது ஒன்றே என்று பேசிக்கொண்டு அமர்ந்தோம். படகு நகர்ந்த பிறகுதான் கவனித்தோம். எங்கள் வரிசையிலேயே, இரண்டு பேருக்கு அப்பால், அவர் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை. அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். பார்த்தவுடன் முகத்தைத் தண்ணீரின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அது கோபத்தால் அன்று என்பது எங்களுக்குப் புரிந்தது. எங்களுக்குச் சங்கடம் நேரக் கூடாதென்று திருப்பிக்கொண்டார்.

கயிறு ஒருமுறை சுண்டப்பட்டபோது நாங்கள் உணராதிருந்துவிட்டோம். இம்முறை எங்களுள் மூத்தவர் எழுந்து, அசையும் படகில் தடுமாறியபடியே அவர் அருகில் சென்று, "அண்ணே, நமக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

சிறிது நேரம் அவர் விடை கூறவில்லை. பிறகு, "ராமநாதபுரம் மாவட்டம் சார். முதுகுளத்தூர் பக்கம்" என்றார்.

அக்கரை சேர்ந்ததும் கடையொன்றின் முன் நின்று தேநீர் அருந்தினோம். அன்று நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னோம். அவர் பதறிவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். பெரிய ஆளு பக்கத்துல நிக்கிறப்ப நான் வந்து கேட்டதுதான் தப்பு" என்றார். அவர் எங்களை ஏசியிருந்தால் அவ்வளவு வலித்திராது.

பின்னர் மனம் விட்டுப் பேசினார். 1999இல் வந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவார். குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் குறிப்பிட்ட அளவுக்கு வருமானம் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவருடைய ஊதியம் அந்த அளவை எட்டியதே இல்லை. மகள் செவிலியர் படிப்பில் இருந்தாள். அவள் பிறந்த பிறகு அவளோடு அவர் வாழ்ந்த நாள்களையெல்லாம் கூட்டினால் இரண்டு ஆண்டு தேறாது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். உயர்ந்த கோபுரத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். அவரும் அதில் குழாய் வேலை செய்தவராம். திறந்த பிறகு மேலே போனதுண்டா என்று வினவினோம். சிரித்தார். "கட்டும்போதே நூறு மாடிக்கு மேல ஏறி இறங்கியாச்சு. காசு குடுத்து வேற ஏறணுமா சார்?"

நாங்கள் மும்பையில் இருப்பவர்கள் என்றதும் அவர் முகம் மீண்டும் மலர்ந்தது. அவருடைய அண்ணன் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்தவர். விசாவுக்காகக் காத்திருந்த இரண்டு மாதமும் இவர் அங்கேதான் தங்கியிருந்திருக்கிறார். "ஒரு நாள் தமிழ்ச் சங்கம்னு போர்டு பார்த்தேன் சார். அவ்வளவு சந்தோசம். உள்ள போய்ப் பேப்பர் படிக்கலாம்னு போனேன். மெம்பரான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். சரின்னு வந்துட்டேன்" என்றார். குறை கூறும் தொனியே இல்லை. மழை பெய்தது, நனைந்தேன் என்று சொல்வதுபோலச் சொன்னார். அது எந்தச் சங்கம் என்று அவர் கூறவில்லை. கேட்கும் துணிவு எங்களுக்கும் இல்லை.

தேநீருக்குப் பணம் கொடுக்கப் போனோம். அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "நீங்க விருந்தாளி சார்" என்றார். பத்தொன்பது ஆண்டுகள் அயலூரில் உழைத்தும் அவர் வீட்டுக்காரராகவே இருந்தார். மேடையில் மொழிப்பற்றைப் பேசிய நாங்கள், நான்கு திர்ஹாம் தேநீர் முன் தலைகுனிந்து நின்றோம்.

சனிக்கிழமை எஞ்சிய சோதனைகளை முடித்தோம். அன்று அந்த உயர் அலுவலர் அருகில் நின்றிருந்தபோதே அவரைத் தமிழில் அழைத்துப் பேசினோம். உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. "ஓ, உங்கள் ஊர்க்காரரா?" என்று அலுவலர் கேட்டார், அவ்வளவே. எதற்காக அன்று அஞ்சினோம் என்பதை எண்ணிப் பார்த்தோம். அஞ்சியதற்கு ஒரு காரணமும் இல்லை. எங்களையும் தொழிலாளி வரிசையில் வைத்துவிடுவார்களோ என்ற சிறுமைதான் அது.

ஞாயிறன்று ஊர் திரும்பினோம். பெட்டியில் பேரீச்சம்பழமும் குங்குமப்பூவும் இருந்தன. வீட்டில் பிள்ளைகள் கோபுரத்தின் படங்களைக் கேட்டார்கள், காட்டினோம். அவரைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

அயல்மண்ணில் வாழும் நமக்குச் சங்கம் என்பது தாய்வீடு என்கிறோம். தாய்வீட்டு வாசலில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. மாநகரங்களில் நம் சங்கங்களுக்கு எட்டிவிடும் தொலைவிலேயே தோல் பட்டறைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். நம் விழா அழைப்பிதழ்கள் அவர்கள் தெருவுக்குப் போவதில்லை. அவர்கள் வராததைக் கண்டு, அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

பெரிய திட்டம் எதனையும் நாங்கள் வகுத்துவிடவில்லை. செயற்குழுவிடம் இசைவு பெற்று, ஞாயிறு காலை வேளைகளில் சங்கத்தின் படிப்பகத்தை எல்லோர்க்கும் திறந்து வைக்கிறோம். மூவரில் ஒருவர் முறை வைத்து வாயிலருகே அமர்கிறோம். சில ஞாயிறுகளில் யாரும் வருவதில்லை. சில ஞாயிறுகளில் நான்கைந்து பேர் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, தயங்கி நிற்கிறார்கள். உறுப்பினரா என்று அவர்களிடம் நாங்கள் கேட்பதில்லை. "வாங்க அண்ணே, எந்த ஊரு?" என்றுதான் கேட்கிறோம்.