முதுகு தேயாத சவரக்கத்தி

உத்தமபாளையத்தில் தேவாரம் பேருந்து ஏறினால் பண்ணைப்புரத்துக்கு முன்னால் வரும் ஊர் கோம்பை. பேரைச் சொன்னதும் பலருக்கு அந்தப் பேர்கொண்ட நாய் இனம்தான் நினைவுக்கு வரும். நான் போனது பழைய மடக்குச் சவரக்கத்திகளைப் பார்க்க.

முடிதிருத்தும் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட பெரியவர் ஒருவர், மலையடிவாரத் தெருவொன்றில் திண்ணையில் உட்கார்ந்து அவற்றைச் சீர்செய்கிறார். பக்கத்தில் சவரக் கருவிகள் வைக்கும் தோல் அடைப்பம், அவர் தாத்தாவுடையது. அதிலிருந்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஒரு கத்தியை எடுத்துக் கொடுத்தார். மாட்டுக்கொம்புக் கைப்பிடி, அலகெங்கும் துரு.

"மிஷின்ல குடுத்துக் கெடுத்துட்டுத்தான் எங்கிட்ட வாராங்க தம்பி. பொறி பறக்கத் தேச்சா பதம் நிக்குமா?"

அவர் கேட்டது நியாயம். சவரக்கத்தியின் வாய் அத்தனை மெல்லியது. சக்கரத்தில் வைத்த நொடியில் சூடேறிவிடும். உருக்கு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு நீலம் பாரிக்கும். நீலம் கண்டால் கடினம் போயிற்று. அதற்குமேல் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

அதனால் எல்லாம் கைவேலை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை இளக்குகிறார். எண்ணெய் தொட்ட உப்புத்தாளை விரல் நுனியில் வைத்து அலகின் நீளவாக்கில் மட்டும் இழுக்கிறார். துரு போன இடத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தன. அவற்றையும் எடுத்துவிடலாமே என்றேன். "அதை எடுத்தா இரும்பும்ல சேர்ந்து போகும். கருப்பு இருந்துட்டுப் போகட்டும்." இந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்ததுதான் அவர் தொழிலின் உச்சம் என்று நினைக்கிறேன். பளபளவென்று விற்பனைக்கு வரும் பழங்கத்திகள் பலவற்றில் பாதி உடம்பு தேய்ந்துபோயிருக்கும்.

அலகின் இருபக்கமும் குழிவாகக் கடையப்பட்டிருப்பதால், கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டுமே படும். கோணத்தைக் கை தீர்மானிக்க வேண்டாம், முதுகே தீர்மானித்துவிடும். முதுகு தேய்ந்தால் கோணமும் கெடும் என்பதால், வாயில் பல்லாக விழுந்த சிறு வெட்டைத் தேய்த்து எடுக்கும்போது மட்டும் முதுகில் ஒரு சுற்று டேப் ஒட்டுகிறார். கல்லில் வாய் முன்னே போகிறது, தோல்வாரில் முதுகு முன்னே போகிறது. இரண்டிலும் கத்தியை முதுகின் மேலேயே புரட்டுகிறார். கல்லில் சத்தம் முழு நீளத்துக்கும் ஒன்றுபோல் வரும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

ஷெஃபீல்டு உருக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கி, சேலத்துத் தாதுவை உருக்கினார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, மூசை உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டில் நல்ல உருக்கின் விலை இறங்கியது. ஆனால் உரிமைத்தொகைக்காக வழக்காடியே அவர் காலம் கழிந்தது. இறுதித் தீர்ப்பு வருமுன் 1851இல் இறந்துபோனார். இதைப் பெரியவரிடம் சொன்னேன். "வேலை செஞ்சவனுக்கு எங்க தம்பி கூலி வந்துச்சு" என்றார். ஊர்ச்சோறும் களத்துமேட்டுத் தானியமும் கூலியாக வாங்கி, வாசலுக்கு வெளியே நின்று தொழில் பார்த்த தலைமுறை அவருடையது.

ஒரே கத்தியால் பலருக்கும் சவரம் செய்வதை எய்ட்ஸ் பயம் நிறுத்தியது; ஆளுக்கொரு பிளேடு வந்தது. வந்தது நல்லதுதான். பெரியவரும் கடைக்கு இந்தக் கத்தி வேண்டாம் என்கிறார். சொந்த முகத்துக்கு வைத்துக்கொள்பவர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும் மட்டுமே செய்து தருகிறார். இழிவாகப் பேசப்பட்ட ஒரு தொழிலுக்குள் இவ்வளவு நுட்பமான உலோக அறிவு இருந்ததை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

நான் இருந்தபோதே ஒருவர் ஜெர்மன் கத்தியொன்றைக் கொண்டுவந்தார். பெரியவர் அதை வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை லேசாக நகர்த்தினார். ஓரிடத்தில் தட்டியது. வாயிலிருந்து உள்ளே மயிரிழை அகலத்தில் ஒரு விரிசல். "இது ஆகாதுங்க. மாட்டி வச்சுப் பாருங்க, முகத்துல வைக்காதீக" என்று சொல்லி, எண்ணெய் தடவி மடக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.