வெளியே தெரியாத அடைப்பு



சென்ற ஷவ்வாலில் உறவினர் வீட்டு நிகாஹுக்காகக் குடும்பத்துடன் புனலூர் சென்றிருந்தோம். திரும்பும் வழியில், ஆரியங்காவைக் கடந்து புளியரை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கார் இடப்பக்கமாக இழுத்தது. காலை எடுத்த பின்னும் இழுவை விடவில்லை. "வாப்பா, ஏதோ கருகுற வாடை அடிக்குது" என்றாள் பின்னிருக்கையில் இருந்த மகள்.

கியரைக் குறைத்து மெல்ல இறக்கி, சமதளம் வந்ததும் நிறுத்தினேன். இடது முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுசெல்ல முடியாத அளவுக்கு அனல் வீசியது. வலது சக்கரத்தில் அந்தச் சூடு இல்லை. "என்ன ஆச்சு?" என்று மனைவி கேட்டார். "தெரியவில்லை" என்றேன். அது முழு உண்மையன்று.

ரமலானுக்கு முன்பே எங்கள் ஊர் மெக்கானிக் என்னை எச்சரித்திருந்தார். முன்சக்கரங்களின் பிரேக் ஹோஸ்களில் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன, மாற்றிவிடுங்கள் என்றார். "நோன்பு முடியட்டும்" என்று சொல்லிவிட்டேன். நோன்பும் முடிந்தது, பெருநாளும் கழிந்தது. நானோ பயண துஆவை ஓதிக்கொண்டு மலைப்பாதையில் வண்டியை ஏற்றிவிட்டேன்.

குடும்பத்தைப் பேருந்தில் அனுப்பிவிட்டு, காரை இழுவை வண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தேன். அந்த மெக்கானிக் ஒரு காலத்தில் என்னிடம் மக்தபில் ஓதியவர். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவருடைய பட்டறையில் நான் மாணவனாக நின்றேன்.

பிரேக்கை மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தம் உலோகக் குழாய் வழியாகச் சக்கரத்தருகே வருகிறது. சக்கரமோ திரும்புகிறது, மேலும் கீழும் அசைகிறது. ஆகவே கடைசிச் சிறு தொலைவில் மட்டும் வளைந்துகொடுக்கும் ரப்பர் ஹோஸ் இருக்கிறது. வயதாகும்போது அதன் உட்சுவர் உப்பி வழியை அடைத்துவிடலாம். மிதிக்கும் வேகத்தில் ஆயில் முன்னே தள்ளப்பட்டுவிடும். காலை எடுத்தால் திரும்பிவர வழியிராது. பிரேக் பிடித்தபடியே நின்று சக்கரம் சூடேறும்.

காரை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தினார். பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். இடது சக்கரம் சுழலவில்லை. ஹோஸுக்கு முன்னுள்ள உலோகக் குழாயின் இணைப்பைத் தளர்த்தினார், மாற்றமில்லை. பிறகு காலிப்பரின் பிளீடரைத் திறந்தார். ஆயில் பீறிட்டது, சக்கரம் விடுபட்டது. "ஹஜ்ரத், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஹோஸ்தான் பிரஷரைப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார்.

கழற்றிய ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். மேற்புறத்தில் சில கீறல்கள் மட்டுமே. உள்ளே, ஊசி நுழையும் அளவுக்கே வழி இருந்தது.

"வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று, செலவை எண்ணிக் கேட்டேன். "அதுக்கும் இதே வயசுதான் ஹஜ்ரத்." இரண்டையும் மாற்றினோம். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார். செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டார். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாதபடி பொருத்தி, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயரில் உரசுகிறதா என்று பார்த்தார். மூடியில் குறிப்பிட்ட தரத்தில் புதிய ஆயில் ஊற்றி, ஏர் முழுவதும் எடுத்து, பெடல் கெட்டியாக நின்ற பின், இணைப்புகளில் கசிவில்லை என்று உறுதிசெய்தே சாவியைத் தந்தார்.

சகோதரர்களே, ஒட்டகத்தைக் கட்டிய பின் தவக்குல் வைக்கச் சொல்லும் நபிமொழியைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். கட்டவேண்டிய கயிறு என் வண்டியின் அடியிலேயே இருந்ததை நான் எண்ணவில்லை. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியும் அமானிதமே.

நீங்களும் ஒரு டார்ச் விளக்குடன் பாருங்கள். ஹோஸில் வெடிப்பு, இணைப்பில் ஈரம், ஒருவர் பிரேக்கை மிதிக்கும்போது உப்பல், டயர் உரசிய தடம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். வண்டி ஒருபுறம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் கொதித்தாலோ, வெளிப்புறம் நன்றாயிருப்பதை நம்பாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அன்றிரவு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். ரமலானுக்கு முன்பே எனக்குத் தெரியும் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த முறை ஹோஸைப் பார்க்கும்போது என்னையும் கூப்பிடுங்கள், பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டுமே" என்றார்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.