ஏலமலையில் அக்காளோடு மூன்று நாள்கள்

தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் நகரில் நின்று மேற்கே நோக்கினால், வானத்தை மறைத்து நிற்கும் ஒரு மலைச்சுவர் தென்படும். அதன் உச்சிக்கு ஏறிச் சென்றால் மறுபுறம் இறக்கம் இல்லை. மேடும் தாழ்வுமாய் விரிந்து கிடக்கும் ஒரு குளிர்ந்த தேசமே கண்முன் தோன்றும். அதுதான் ஏலமலை. அதன் நடுவே, கேரள மாநிலம் இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலைத் தாலுகாவில் அமைந்துள்ளது வண்டன்மேடு.

ஏலம் ஏலம் போகும் ஊர் இது. வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடியில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் பூங்காவும், கணினி வழியே ஏலக்காய் விற்கும் ஏலக்கூடமும் இருக்கின்றன. தமிழகத்தில் இதற்கு இணையான கூடம் போடிநாயக்கனூரில் உள்ளது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலைபோனது. நம் வீட்டுப் பாயசத்தில் நாலைந்து மணிகளாய் விழும் ஏலக்காயில் பெரும்பகுதி இந்த மலையிலிருந்து வருவதே.

மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நெடுங்காலமாக ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. பென்னிகுக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் முயற்சியால் 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை நிறைவுபெற்றது முதல், மலையின் தண்ணீர் குகைவழியாகக் கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கின்றது. பள்ளத்தாக்கின் மக்களோ மேற்கே ஏறி மலையின் தோட்டங்களில் உழைக்கின்றனர். தண்ணீர் இறங்குகின்றது, ஜனங்கள் ஏறுகின்றனர். இடையில் ஓர் எல்லைக்கோடு உண்டு. ஆயினும் இரண்டும் நிற்கவில்லை.

அப்படி ஏறியவர்களில் ஒருத்தி என் மூத்த சகோதரி. நான் சென்னையில் படித்த நாள்களில் அக்காள் வண்டன்மேட்டுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருந்து காய் எடுத்தாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் என் விடுதிக் கட்டணம் செலுத்தப்பட்டது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் அணையைக் குறித்த சச்சரவு எல்லையின் இருபுறமும் கொதித்தெழுந்தது. குமுளி, கம்பமெட்டுச் சாலைகளில் போக்குவரத்து நின்றது. தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, காட்டுப்பாதைகள் வழியாகக் கால்நடையாய் ஊர் திரும்பின. அக்காளும் அத்தானும் இரு பிள்ளைகளும் அவ்விதமே இறங்கினார்கள். அதற்குப் பின் அவள் மலைக்குப் போகவில்லை.

கடந்த ஆண்டு அவளே என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஒருதரம் மேலே போயிட்டு வரணும். ஜீப்பிலே வேண்டாம், நடந்தே போவோம்" என்றாள். காரணத்தைச் சொல்லவில்லை. டிசம்பர் விடுமுறையில் நான் புறப்பட்டேன்.

என் முதுகுப்பையில் இருவர் படுக்கத்தக்க ஒரு சிறிய கூடாரமும், இரண்டு கம்பளிகளும், ஒரு சிறு அடுப்பும் இருந்தன. பனிபெய்யும் தேசங்களில் சகோதரரும் நண்பருமாய்ச் சேர்ந்து, காலில் சறுக்குக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு, கூடாரத்தைத் தோளில் சுமந்து மலைகளில் தங்கி வருவதை ஒரு பெரிய உல்லாசமாகக் கருதுகின்றனர். நம் நாட்டிலும் காஷ்மீரின் குல்மார்க்கிலும், உத்தராகண்டின் ஆலியிலும் பனிச்சறுக்கு நடைபெறுகின்றது. சுமையோடு மலை ஏறுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. என் அக்காளுக்கு அது பிழைப்பாக இருந்தது. கூடாரத்தை அவள் கையில் எடைபார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று சிரித்தாள்.

கம்பமெட்டு வரை பேருந்தில் ஏறி, அங்கிருந்து தோட்டச் சாலைகள் வழியே வண்டன்மேட்டை நோக்கி நடந்தோம். ஏலக்காடு தேயிலைத் தோட்டத்தைப்போல வெட்டவெளி அன்று. ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகையால் உயர்ந்த காட்டுமரங்களின் கீழே, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகள் அடர்ந்து நிற்கின்றன. நடுப்பகலிலும் உள்ளே மங்கிய ஒளிதான். செடி எத்தனை உயரம் வளர்ந்தாலும் காய் மேலே காய்ப்பதில்லை. தூரின் அடியிலிருந்து புறப்படும் சரம் தரையோடு படர்ந்து, அதிலே காய்கள் பிடிக்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுவதுமில்லை. முற்றிய காயை மாத்திரம் பார்த்துப் பறித்து, சில வாரங்கள் கழித்து மறுபடியும் அதே செடிக்கு வரவேண்டும். எனவே காய் எடுப்பவள் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். அக்காளின் முழங்கால் வலிக்குக் காரணம் என்னவென்று மருத்துவர் சொன்னதைவிட, அந்தச் சரங்களைக் கண்டபோது எனக்கு நன்றாய் விளங்கியது.

இப்போதும் கம்பம் பகுதிக் கிராமங்களிலிருந்து பெண்கள் விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி வந்து, மாலையில் திரும்புகின்றனர். வழியில் கண்ட ஒரு கூட்டத்தார் அக்காளை அடையாளம் கண்டு, நின்று நலம் விசாரித்தார்கள்.

முதல் இரவு, தெரிந்த ஒரு தோட்டக்காரரின் அனுமதியோடு, ஏலக்காய் உலர்த்தும் கூடத்தின் முற்றத்தில் கூடாரம் அடித்தோம். உள்ளே காய் உலர்ந்துகொண்டிருந்ததால் இரவெல்லாம் காற்றில் அந்த மணம். மூடுபனி இறங்கிக் கூடாரத்தின் துணியை நனைத்தது. அக்காள் ஒரு தார்ப்பாயைக் கேட்டு வாங்கி, காற்று வரும் திசையை அறிந்து சரித்துக் கட்டினாள். அதன்பின் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலையில்தான் வந்த காரணம் வெளிப்பட்டது. பழைய லயத்துக்குச் சற்று மேலே, மிளகுக்கொடி படர்ந்த ஒரு வீட்டின் முன் அக்காள் நின்றாள். முதிர்ந்த வயதுள்ள ஒரு மலையாளத் தாயார் திண்ணையில் இருந்தார்கள். 2011இல் அந்த இரவில் அக்காளின் குடும்பத்தை உள்ளே அழைத்துக் கஞ்சி கொடுத்து, விடியும்வரை கதவைச் சாத்தி வைத்திருந்து, பிள்ளைகளுக்காக ஒரு டார்ச் விளக்கையும் கொடுத்து அனுப்பியவர்கள் அவர்களே. அக்காள் தன் பைக்குள்ளிருந்து ஒரு பழைய அலுமினிய டார்ச்சை எடுத்து அவர்கள் கையில் வைத்தாள்.

அம்மச்சி அதைத் தடவிப் பார்த்தார்கள். முகம் நினைவுக்கு வந்ததோ, விளக்கு நினைவுக்கு வந்ததோ அறியேன். "கஞ்ஞி குடிச்சோ?" என்று கேட்டார்கள். கஞ்சி குடித்தாயா என்பதே அதன் பொருள். அக்காள் அழுதாள். இருவரும் பேசிக்கொண்டவை பாதி தமிழ், பாதி மலையாளம். புறப்படும்போது டார்ச்சை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வழியில் இருட்டிவிடும், வைத்துக்கொள் என்றார்கள்.

அன்று மாலை தூக்குப்பாலம் வழியாக இராமக்கல்மேட்டை அடைந்தோம். ஓயாத காற்றுக்குப் பெயர்பெற்ற இடம் அது. காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருக்கும். மலையின் விளிம்பில் நின்றால் தரை சட்டென்று செங்குத்தாக இறங்கிவிடுகின்றது. இரவானதும் கீழே கோம்பை, தேவாரம், உத்தமபாளையம் ஊர்களின் விளக்குகள் சிதறிய மணிகளாய்த் தெரிந்தன. விளிம்பை விட்டுத் தள்ளி, கட்டணம் செலுத்தித் தங்கும் ஓரிடத்தில் கூடாரம் அடித்தோம். காற்றில் கம்பு நிற்கவில்லை. நான் பிடித்துக்கொள்ள, அந்த டார்ச்சின் வெளிச்சத்தில் அக்காள் கயிறுகளைக் கல்லில் கட்டினாள்.

நெடுநாளாய்க் கேட்க எண்ணியதை அன்று கேட்டேன். "அக்கா, எங்களோடு சென்னைக்கு வந்துவிடேன்." அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "அங்கே வந்தா நான் உன் வீட்டு விருந்தாளி. இங்கே எல்லாப் பாதையும் என் காலுக்குத் தெரியும். நீ வருஷத்துக்கு ஒருதரம் வா, சேர்ந்து நடப்போம். அது போதும்" என்றாள். என் வீட்டில் அவளுக்கு ஓர் அறை உண்டு என்பதை அவள் அறிவாள். ஆனால் முந்தின இரவு தார்ப்பாயைக் கட்டிய கைகளுக்கு அந்த அறையில் என்ன வேலை என்று யோசித்தேன். மேலும் வற்புறுத்தவில்லை.

இப்பகுதிக்குச் செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. டிசம்பர், ஜனவரி மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. காட்டுப்பாதைகளில் வனத்துறையின் அனுமதியின்றி நுழையலாகாது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. தோட்டங்கள் தனியாருடையவை, கேட்டு அனுமதி பெற்றே கூடாரம் அடியுங்கள். விழுந்து கிடக்கும் ஒரு காயையும் எடுக்காதிருங்கள்; அது ஒருவருடைய ஒருநாள் குனிவு.

நகரத்தில் வாழும் நம்மில் அநேகருக்கு, ஊரில் ஓர் அக்காளோ அண்ணனோ இருக்கின்றார்கள். கலியாண வீட்டிலும் துக்க வீட்டிலும் சந்தித்து, அரைமணி நேரம் பேசிப் பிரிகின்றோம். அவர்கள் நமக்காக நடந்த பாதை எது என்று கேட்டு, ஒருமுறை அவர்களோடு அதில் நடந்து பாருங்கள். பை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் நடக்கும் வேகத்துக்கு நடந்தால் போதும்.