‘ரன்’ என்றால் ஓடுதலா?

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் முதன்முதல் அறிந்துகொள்ளும் வினைச்சொற்களுள் ‘ரன்’ என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து; ஒலிப்பதற்கு ஒரு நொடியும் வேண்டாம். ‘ரன் என்றால் ஓடு’ என்று கீழ்வகுப்பிலே நெட்டுருப் பண்ணி, அந்த ஒரே பொருளைக் கைமுதலாக நம்பி மேல்வகுப்புக்கு வரும் மாணவன், ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை விரித்ததும் திகைத்துப் போகிறான். அங்கே மூக்கு ஓடுகிறது. அதனை அவன் ஒருவாறு ஒப்புக்கொள்வான். ஆனால், ஒருவர் கடையை ஓடுகிறார். பிள்ளை காய்ச்சலை ஓடுகிறது. வங்கியின்மீது ஓட்டம் நிகழ்கிறது. சேலையின் சாயம் ஓடுகிறது. வீட்டிலே சீனி ஓடி வெளியே போய்விடுகிறது!

சிரிப்புக்கிடமான இம்மொழிபெயர்ப்புக்களை நான் கற்பனை செய்து எழுதவில்லை. ஆண்டுதோறும் விடைத்தாள்களிலே இவற்றைக் கண்டுவருகிறேன். மாணவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஒக்ஸ்போட் பேரகராதியின் முதற்பதிப்பு 1928ஆம் ஆண்டிலே நிறைவெய்தியபோது, அதிலே மிகுந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது ‘செற்’ என்னும் வினை. பின்னர் அவ்வகராதியைத் திருத்திவந்த ஆசிரியர்கள், 2011ஆம் ஆண்டளவில், ‘ரன்’ என்பதற்கு வினையாக மாத்திரம் 645 பொருள்களை வகுத்துவிட்டனர். பீற்றர் கில்லிவர் என்னும் அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஏறத்தாழ ஒன்பது மாதம் மல்லாடினாராம். ஒன்பது மாதம் அறிஞர் ஒருவரையே ஆட்டிவைத்த சொல்லுக்கு நம் பிள்ளை நாற்பது நிமிடப் பாடவேளையிலே என்ன செய்வான்?

இத்துணைப் பொருள்கள் எங்கிருந்து வந்து சேர்ந்தன? மனிதனும் மாடும் குதிரையும் ஓடின காலத்திலே இச்சொல்லுக்கு இவ்வளவு வேலை இருக்கவில்லை. நீராவி யந்திரமும் புகைவண்டியும் ஆலைகளும் வந்தபின்னர், காலில்லாதவை எல்லாம் ஓடத் தொடங்கின. மணிக்கூடு ஓடிற்று, ஆலை ஓடிற்று, ஆலையை ஓடச்செய்த முதலாளியும் இலக்கணப்படி ‘ஓடினார்’. இப்பொழுது கணினிக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத நிரல்கள் ஓடுகின்றன. ஆயினும், நீரின் ஓட்டம் இச்சொல்லுக்குப் புதியதன்று. ஆங்கிலத்துக்கு உறவுமொழியாகிய ஜெர்மன் மொழியிலே இச்சொல்லின் உடன்பிறப்பான வினை நீர் வழிதலையே குறிக்கும்.

அசையாத பொருளையும் ஆங்கிலேயர் ஓடவிடுவர். வத்தளையிலே ஹமில்டன் கால்வாய் இருக்கிறது. மழையில்லா நாட்களில் அதன் நீர் பச்சை பிடித்து அசைவற்றுக் கிடக்கும். இருந்தும், அக்கால்வாய் நீர்கொழும்புவரை ‘ரன்’ செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவதிலே பிழையில்லை. அருகேயுள்ள நீர்கொழும்பு வீதியும் அவ்வாறே. தமிழிலோ வீதி ஓடாது. ‘இந்த றோட்டு எங்கே போகிறது?’ என்றுதான் கேட்போம். ஓடாவிட்டாலும் போகத்தான் செய்கிறது என்பதைக் கவனிக்கவும். மொழிக்கு மொழி வேகந்தான் வேறுபடுகிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே பல பொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசுகிறார். ‘மா பூத்தது’ என்றால் மா ஒரு மரம். ‘மா பாய்ந்தது’ என்றால் மா ஒரு விலங்கு. பெயர்ச்சொல் பல பொருளுக்கு இடங்கொடுத்து நிற்க, பின்னே வரும் வினை இன்ன பொருளென்று அறுதியிட்டு விடுகிறது. ‘ரன்’ முதலிய ஆங்கில வினைகளிலே இந்த நீதிமன்றம் தலைகீழாக அமர்கிறது. வினைதான் பல பொருளோடு நிற்கிறது. அருகிலிருக்கும் பெயரே தீர்ப்புச் சொல்கிறது. ஆகையால், 645 பொருளையும் மனனஞ் செய்ய முயலும் மாணவனுக்கு நான் சொல்வது ஒன்றே: வினையை உற்றுப் பாராதே, ஓடுவது எது, ஓட்டப்படுவது எது என்று பார். கடை என்றால் நடத்துதல். காய்ச்சல் என்றால் காய்தல். சாயம் என்றால் போதல். சீனி என்றால் முடிதல்.

இனி, நம்முடைய ‘ஓடு’ என்னும் வினையும் அவ்வளவு சாதுவானதன்று. சினிமாப் படம் நூறு நாள் ஓடுகிறது. பொழுது ஓடுகிறது. தமிழ்நாட்டிலே ஒருவர் காரை ஓட்டுவார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாம் கார் ஓடுவோம். ‘தம்பி, உனக்கு வான் ஓடத் தெரியுமோ?’ என்று கேட்பதைக் கேட்டுச் சென்னை நண்பரொருவர் வியந்தார். வானுக்குப் பின்னால் ஓடுவதா, முன்னால் ஓடுவதா என்றார். தன்வினைக்கு ஓடு, பிறவினைக்கு ஓட்டு என்று இலக்கணம் வகுத்த பிரிவை நமது பேச்சு இவ்விடத்தில் மதிக்கவில்லை. ‘ரன்’ என்பதும் அதேபோலத் தன்வினை பிறவினை இரண்டுக்கும் பொதுவாக நிற்பது. ஆங்கிலத்தின் சாயலோ, நம் பேச்சின் தனிப்போக்கோ, எனக்கு இந்த வழக்கிலே பெரும்பிரியம் உண்டு. அதைவிடப் பிரியமானது இன்னொன்று: விடை தெரியாமல் விழிக்கும் பிள்ளை ‘எனக்கு ஒண்டும் ஓடேல்லை, சேர்’ என்பான். சிந்தனையை நீரோட்டமாகக் கண்ட வழக்கு அது. ஆறு என்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றேயான குடாநாட்டிலே இத்தகைய உவமை வழங்குவது ஆச்சரியந்தான்.

கிரிக்கெட்டிலே ‘ரன்’ என்பதனைத் தமிழ்நாட்டார் பெரும்பாலும் அப்படியே வழங்க, நம் நாட்டுப் பத்திரிகைகள் ‘ஓட்டம்’ என்று தமிழாக்கின. 1997 ஓகஸ்ட் மாதத்திலே கொழும்பு பிரேமதாச அரங்கில், இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட் இழப்புக்கு 952 ஓட்டங்களைக் குவித்தது. சனத் ஜயசூரிய மாத்திரம் 340. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் நான்கு ஓட்டம். அடித்தவர் ஓரடியும் எடுத்துவைக்க வேண்டியதில்லை. ஓடாமற் பெறும் ஓட்டத்தை நம் வாசகர் ஒருவரும் இதுவரை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. தேர்தலிலோ அமெரிக்கர் ஓடுவர், ஆங்கிலேயர் நிற்பர். ஆங்கிலேயரிடம் அரசியல் பயின்ற நாமும் தேர்தலிலே நிற்கிறோம். ஓடுவது வென்ற பின்னர்.

ஓடாத ஓட்டம் என்றதும் எனக்கு நினைவு வருவது வேறொன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். அப்போது எனக்குப் பதினைந்து வயது. மழை, இருள், நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியிலே மனிதரும் சைக்கிளும் மாட்டுவண்டியும் நெருங்கி நின்றமையால், ஓர் அடி வைத்து அடுத்த அடிக்குக் காத்திருந்தோம். ஓடுதல் என்பது அன்றிரவு ஒருவராலும் இயலாத காரியம். ஆனால் எங்கள் வீட்டிலே இன்றைக்கும் ‘தொண்ணூற்றைந்திலே ஓடினது’ என்றே சொல்வார்கள்.

அண்மையிலே என் மாணவி ஒருத்தி, தன் பேர்த்தியாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி வந்தாள். அதிலே ‘நாங்கள் ஓடினோம்’ என்பதற்கு ‘வீ றான்’ என்று இருந்தது. வகுப்பிலே மற்றொருவன், ‘வீ வேர் டிஸ்பிளேஸ்ட்’ என்று எழுதுவதே முறை, நிவாரணப் படிவங்களில் அப்படித்தான் இருக்கிறது என்றான். அவன் சொன்னது பிழையன்று. ஆயினும், அச்சொல்லிலே மனிதர் மேசை நாற்காலி போல ஒருவரால் இடமாற்றி வைக்கப்படுகின்றனர். பயமும் அவசரமும் அதில் இல்லை. ‘பிளெட்’ என்று எழுதலாமே என்றாள் இன்னொருத்தி. அது நல்ல சொல்தான். ஆனால் புத்தகத்துச் சொல். பேர்த்தியார் சொன்னது அடுப்படிச் சொல்.

‘றான்’ என்றால் ஆங்கில வாசகன் கால்கள் விரைவதையே காண்பான். 645 பொருளுள் எங்கள் பொருள் அவனுக்கு எட்டாமற் போகலாம். ஆகவே சொல்லை மாற்றாமல், அதன் பக்கத்திலே அவர் அன்று கண்டதைச் சேர்த்து எழுதும்படி சொன்னேன். பெயர் வினைக்குப் பொருள் தரும் என்று படிப்பித்தவன் வேறு என்ன சொல்வான்? அவள் வீட்டுக்குப் போய்ப் பேர்த்தியாரிடம் மீண்டும் கேட்டு வந்து எழுதினாள். அவ்வாக்கியத்தைத் தமிழிலே சொன்னால் இவ்வளவுதான்: ‘நாங்கள் ஓடினோம், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, நாவற்குழிப் பாலம் மட்டும் விடியும்வரை ஓடினோம், கால் வைக்க இடமிருக்கவில்லை.’